பஸ்ஸுக்குப் பின்னால் வந்த வீடு

பெங்களூரில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஹரிதா, வாடகை கட்டுப்படியாகாமல் புருஷன் சீனுவோடு ஊருக்குக் கிளம்பியபோது, குடியிருந்த வாடகை வீடும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. சித்தூர் வரைக்கும் இடதுபக்கமாகத்தான் வந்தது, யாரையும் இடிக்கவில்லை. வாடகை ஏற ஏறக் கூனிக் குறுகிப்போயிருந்த வீடு அது. பலமநேர் தாண்டிக் காற்று பட்டதும் ஒரு சாண் நிமிர்ந்ததைக் கண்டக்டரே பார்த்தார். ஆந்திர எல்லையில் தமிழ் பேசும் ஊரான பாலசமுத்திரத்தில் ஹரிதாவின் அப்பா சின்னசாமிக்கு இருந்தது ஒற்றை அறை வீடும், பட்டாவில் கிடைத்த வேர்க்கடலைக் கொல்லையும்தான்.

"நைனா, நாங்க கூப்புடல. அதுவா வந்துக்கினு இருக்குது," என்றாள் ஹரிதா.

"வந்த வூட்ட ரோட்டுல நிக்க வெப்பாங்களா? கொல்லைக்குக் கூட்டிக்கினு வா. வந்து மொதல்ல துன்னுங்க," என்றார் அவர்.

வீடு வந்ததே தவிர, கால் ஊன்றவில்லை. தரைக்கு நாலு விரல் மேலேயே நின்றது. சொந்தக்காரர் வந்து கூப்பிட்டால் போய்விடும் என்று ஊரில் பேச்சு. நைனா வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, அதன் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் ஹரிதா பெங்களூர் வேலையைப் பார்த்தாள். நைனாவின் ஒற்றை அறையில் ஆறு பேருக்கு நடுவில் அது நடக்காது. வீடு போனால் அவளும் திரும்பிப் போக வேண்டியதுதான். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் இருந்தாள்.

மூன்றாம் வருஷம் சொந்தக்காரர் கிருஷ்ணப்பா வந்தார். பெங்களூரில் வீடு நின்ற இடத்தைக் கார் நிறுத்த விட்டதில் அவருக்குப் பழைய வாடகையைவிடக் கூடவே கிடைத்தது. ஆனாலும் தன் வீடு ஒரு வார்த்தை சொல்லாமல் போனதில் மனத்தாங்கல். கன்னடக்காரரான அவர், ஆந்திராவுக்குப் போகிறோமே என்று, வீட்டுக்குத் தெலுங்கில் 'இல்லு' என்று பஸ்ஸிலேயே கேட்டுப் படித்து வைத்திருந்தார். ஊராட்சித் தலைவியான சர்பஞ்ச் லட்சுமம்மா ஊரைக் கூட்டி, "இந்த வூடு உங்களுதா சார்?" என்று தமிழில் கேட்டாள். அவர் வீட்டைக் காட்டிப் பெருமையாக, "இல்லு! இல்லு!" என்றார்.

ஊரில் எல்லாருக்கும் தெலுங்கு தெரியும்தான். ஆனால் கேட்டது தமிழில் என்பதால் பதிலும் தமிழ்தான் என்று லட்சுமம்மா தீர்மானித்துவிட்டாள். அவள் "இல்லியாம்" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வீடு திடுமென்று இறங்கி, கடலைச் செடிக்கு நடுவில் அஸ்திவாரம் பதித்து உட்கார்ந்தது. ஹரிதா ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். விஷயம் புரிந்த கிருஷ்ணப்பாவும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். களியும் கடலைச் சட்னியும் சாப்பிட்டு, நிலைப்படியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போனார். தரையில் நிற்கும் வீட்டுக்குத்தான் மீட்டர் என்று சொல்லிவந்த கரண்ட் ஆபீஸ்காரர்கள், மறுநாள் காலையிலேயே வந்து மாட்டிவிட்டுப் போனார்கள்.