ஒரே உயரம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருத்துவமனையில் கிடைத்தது. தைராய்டைக் காட்டப் போயிருந்தேன். எதிர் பெஞ்சில் ஓர் அம்மா, அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பெண் பிள்ளைகள். செவிலியர் எட்டிப் பார்த்து, "குட்டி, உள்ள வாம்மா" என்றார். இரண்டு பேரும் எழுந்தார்கள். நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். வேண்டாத வேலை. அன்றிலிருந்து நிம்மதி போயிற்று.

2

"அவளுக்கு வளரவே பிடிக்கவில்லை, ஏனென்றால்..."

(இந்த வரியை அடித்துவிட்டேன். பிடித்துத்தான் எல்லாரும் வளர்கிறோமா?)

சரி, இப்படி ஆரம்பிக்கிறேன். இரட்டையரில் பின்னால் பிறந்தவளுக்கு, மூளைக்கு அடியில் இருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவில்லை. அக்கா கிடுகிடுவென்று வளர்ந்தாள். இவள் அப்படியே நின்றாள். அவள் நெட்டை, இவள் குட்டி. வேறு அடையாளம் யாருக்கும் தேவைப்படவில்லை. அம்மா தையல்காரி. இருவருக்கும் ஒரே துணியில் தைப்பாள், ஒன்றைக் கட்டையாக.

தினமும் சாப்பாடானதும் ஃப்ரிட்ஜிலிருந்து ஹார்மோன் ஊசியை எடுப்பாள். குட்டியை மடியில் போட்டு, தொடையில் குத்தி, குத்திய இடத்தில் ஊதுவாள். "வலிக்குதாடா தங்கம்?"

நெட்டை கதவோரம் நின்று பார்ப்பாள். நன்றாக வளர்ந்த பிள்ளைக்கு மடி எதற்கு?

(இந்தக் கேள்வியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.)

3

மருந்து வேலை செய்தது. வருஷங்கள் ஓட ஓட, கட்டைப் பாவாடை நீண்டது. ஒருநாள் அம்மா இருவரையும் முதுகோடு முதுகு நிறுத்தி, தலைகளின் மேல் மர ஸ்கேலை வைத்தாள். அது துளியும் சாயவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசியோடு திரும்பினாள்.

"குட்டி, வாடி."

இரண்டு பேரும் வந்தார்கள். இரண்டு தொடைகள் நீண்டன. இரண்டிலும் ஊசிப் புள்ளிகள்.

"விளையாடாதீங்கடி. யாரு குட்டி?"

"நான்தாம்மா."

"பொய் சொல்றா. நான்தாம்மா."

தையல் மிஷின் மேல் அவளுடைய தையல் ஊசி டப்பா திறந்து கிடந்தது. ஒருத்தி அந்த ஊசியால் தினமும் தன்னைத் தானே குத்திக்கொண்டிருக்கிறாள்.

(பெற்றவளுக்குத் தெரியாதா என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்வேன், மருத்துவமனையில் அந்த முகத்தைப் பார்த்திராவிட்டால்.)

4

எழுதுகிறவன் நான்தானே, குட்டியின் கழுத்தில் ஒரு மச்சம் வைத்தேன். இருவரும் கூந்தலை விலக்கிக் காட்டினார்கள். மச்சத்தை அழித்துப் பார்த்தேன். அழியவில்லை.

ஒரு முடிவு: ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். ஆனால், "உங்களுக்கே தெரியலையா?" என்று டாக்டர் கேட்கும்போது இருவரும் பக்கத்தில் இருப்பார்கள்.

இன்னொன்று: இன்றைக்கு ஊசி வேண்டாம். ஒருநாள் தவறினால் குடி முழுகிவிடாது. ஆனால் மடி?

எனக்குப் பிடித்தது இது: இருவரையும் சேர்த்து மடியில் போட்டுக்கொள்கிறாள். எழுதிப் பார்த்தேன். இடம் போதவில்லை. வளர்ந்துவிட்டார்கள்.

5

அம்மா ஊசியோடு நின்றுகொண்டிருக்கிறாள். பிள்ளைகள் இப்போது அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உங்களைப் பார்க்கிறார்கள்.

"நீங்க சொல்லுங்க. யாரு குட்டி?"

எனக்குத் தெரியாது, சத்தியமாக. ஒருத்தியைக் காட்டுங்கள், அவளுக்கு மடி கிடைக்கும். மற்றவள் கதவோரம் போய் நிற்பாள். அவள் நெட்டையாக இல்லாவிட்டாலும்.