மன்னித்தேன் என்று சொன்னவள்

தெரு முனையில் மணிச்சத்தம் கேட்டபோது அந்தோணியம்மாள் தன் புருஷனின் தாடையை மழித்துக்கொண்டிருந்தாள். பத்து நாள் தாடி. சர்வேசுரன் குடிசைக்குள் எழுந்தருளப் போகிற வேளையில் மனிதன் கரடி மாதிரி கிடக்கக்கூடாது என்று அடுத்த குடிசைக் கங்கம்மா யாரிடமோ கெஞ்சிச் சவரக்கத்தி வாங்கிவந்து கொடுத்திருந்தாள். கங்கம்மா கும்பிடுவது எல்லையம்மனை. ஆனாலும் அடுத்த வீட்டுச் சாமிக்கு மரியாதைக் குறைவு வந்துவிடக்கூடாது என்பதில் அவளுக்கு இருந்த கவலை அந்தோணியம்மாளுக்கே இல்லை. கத்தி தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் போனபோது கை ஒரு நொடி நின்றது. தொம்மை கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தான். அவள் கத்தியைத் துடைத்துக் கூரை இடுக்கில் செருகிவிட்டு, வெள்ளைத் துணி விரித்த பெட்டியின்மேல் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாள்.

"யக்கோவ், சாமியாரு வந்துக்கினு கீறாரு. தலையில துணியப் போடு" என்று கங்கம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

சாந்தோமுக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்தில் சிலுவை கும்பிடும் வேதக்காரக் குடும்பங்கள் முப்பதோ நாற்பதோதான். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாகக் கிடக்கிறவனுக்கு அவஸ்தை எண்ணெய் பூசிக் கடைசி நன்மையாகத் திவ்ய அப்பம் கொடுப்பதற்கு முன்னால் அவன் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். வாய் போனவன் கையைக் கூப்பினால் போதும். வீட்டார் ஒவ்வொருவரும் எல்லோர் காதிலும் விழும்படி, 'சர்வேசுரனுக்காக மன்னித்தேன்' என்று சொல்லவேண்டும். ஒருவர் சொல்லாமல் நின்றாலும் ஆத்மா வழியில் மாட்டிக்கொண்டு தவிக்கும் என்பது நம்பிக்கை. எந்தச் சாமியாரும் அப்படிப் போதித்ததில்லை. ஆனால் குப்பத்தில் சாமியார் போதித்ததைவிடப் போதிக்காததற்குத்தான் பலம் அதிகம். பெரும்பாலும் காரியம் சுலபமாக முடிந்துவிடும். சாகிறவனிடம் யாருக்குப் பகை? அந்தோணியம்மாளுக்கு இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே பெண் லூர்துவுக்கு எட்டு வயது. முதல் தடவையாகப் புதுநன்மை வாங்குவதற்காகக் கோவில் உபதேசியாரிடம் ஞானோபதேசம் படித்துக்கொண்டிருந்தாள். சர்வேசுரன் நம்மை எதற்காகப் படைத்தார் என்று கேட்டால், அவரை அறிந்து, அவரைச் சிநேகித்து, அவருக்காகப் பிறரையும் சிநேகிக்கத்தான் என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். "மீன் விக்க இல்லியாடி?" என்று அம்மா சீண்டினால், "மீன் அப்பறம்மா, மொதல்ல சிநேகம்" என்பாள். அந்த ஐப்பசியில் அவளுக்கு அனலாய்க் காய்ச்சல் அடித்தது. "கூடவே இரு, தண்ணி கேட்டா குடு" என்று தொம்மையிடம் சொல்லிவிட்டு அந்தோணியம்மாள் கூடையைத் தூக்கினாள். அவன் கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு, நாய் நுழைந்துவிடக்கூடாதே என்ற அக்கறையில் ஓலைத் தட்டியை வெளியிலிருந்து வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுக் கள்ளுக்கடைக்குப் போய்விட்டான். சாயங்காலம் அவள் வந்து முடிச்சை அவிழ்த்துத் தள்ளியபோது தட்டி பாதிக்குமேல் திறக்கவில்லை. அதன் பின்னால் பெண் கிடந்தாள். நகக்கண்களில் ஓலைச் சிராய் ஏறியிருந்தது. தண்ணீர்ப் பானை வாசலுக்கு வெளியே இருந்தது.

தொம்மை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதான், குடித்தான், மறுபடியும் கடலுக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்துக் கட்டுமரத்தைக் கரையேற்றும்போது அப்படியே சரிந்தான். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டிய வாய் போயிற்றே என்று அந்தோணியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுததை ஊர் வேறு விதமாக எடுத்துக்கொண்டது. நாலு வருஷமாக அவனைக் கழுவினாள், துடைத்தாள், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டாள். இவளல்லவோ பெண்சாதி என்று கோவிலில் பேச்சு. அவளுக்குத் தெரியும், செய்ததெல்லாம் கை செய்தது. நெஞ்சில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது.

சாமியார் குனிந்து உள்ளே வந்தார். தொம்மை இடது கையைத் தூக்கி, கட்டைபோல் கிடந்த வலது கையைத் தேடினான். உபதேசியார் அந்தக் கையை எடுத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். மழித்த தாடையில் கண்ணீர் தடையில்லாமல் ஓடியது. "அந்தோணியம்மா, நீ சொல்" என்றார் சாமியார்.

அவளுக்கு வாய் வரவில்லை. வாசலில் முழந்தாளிட்டிருந்த ஊர் முழுவதும் அவள் முதுகையே பார்த்தது. யாரோ ஒரு கிழவி, துக்கத்தில் தொண்டை அடைக்கிறது பாவம் என்றாள். தொம்மை அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் பயத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. எப்படியும் பொழுது சாய்வதற்குள் போய்விடுவான், போகிறவனுக்கு ஒரு பொய்யைக் கொடுத்தனுப்பினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவள் நினைத்தாள்.

"சர்வேசுரனுக்காவ மன்னிச்சேன்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. ஊர் பார்க்கிறதே என்று பூசையில் எல்லோருடனும் போய் முழந்தாளிட்டு நாக்கை நீட்டி நன்மையும் வாங்கிவிட்டாள். நெஞ்சில் பொய்யை வைத்துக்கொண்டு நன்மை வாங்குவது எப்பேர்ப்பட்ட பாவம் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தொம்மையை அடக்கம் பண்ணியதும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்பது அவள் போட்டு வைத்திருந்த திட்டம். திட்டத்தில் ஒரே ஒரு கோளாறு. தொம்மை சாகவில்லை.

திங்கட்கிழமை கஞ்சிச் சட்டியைக் காட்டிச் சாடை செய்தான். வியாழக்கிழமை கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். அவஸ்தை எண்ணெயின் மகிமை என்றார் உபதேசியார். பெஞ்சாதி மன்னிச்ச மன்னிப்புதான் அவனை இழுத்துக்கினு வந்துச்சு என்றார்கள் பெண்கள். நாலு வருஷமாகச் சுவரைப் பார்த்துக் கிடந்த மனிதன் இப்போது அவள் போகிற பக்கமெல்லாம் கண்ணைத் திருப்பினான். அவள் வந்ததும் பாதி முகம் சிரித்தது. அவள் முந்தானை எட்டினால் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தோணியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் பழையபடி குடித்துவிட்டு வந்து நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் கோவாக்காரர், பொறுமைசாலி. சல்லடைக்கு அந்தப் பக்கமிருந்து கடைசி வரை கேட்டார்.

"அன்று சொன்னதை இப்போது மனதாரச் சொல், மகளே."

"வரல சாமி."

"மன்னிக்க ஆசையாவது உண்டா? அது போதும். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்."

அவள் யோசித்துப் பார்த்தாள். இங்கேயும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்.

"அந்த ஆசகூட இல்ல சாமி. கொழந்த நகத்தப் பாத்தவ நானு."

"சிநேகம் இல்லாமல் நீ அவனுக்குச் செய்வதெல்லாம் எதற்கு?"

"தெரில சாமி. வேற யாரு செய்வா?"

அவர் பெருமூச்சு விட்டார். ஆசை வந்ததும் வா, எந்த நேரமானாலும் வா என்றார். பாவ மன்னிப்பு கொடுக்கவில்லை. வெளியே வந்தபோது அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இல்லாத சரக்கை இருக்கிறது என்று அவரும் எப்படி எழுதிக் கொடுப்பார்?

மறுநாள் கூடையைச் சுமந்துகொண்டு அவளும் கங்கம்மாவும் மாம்பலத்துக்கு நடந்தார்கள். ஏரியைத் தூர்த்துப் புதுத் தெருக்கள் போட்டிருந்தார்கள். பாதி வீடுகளுக்கு இன்னும் சாரம் பிரிக்கவில்லை. மயிலாப்பூர் ஐயமார் தெருக்களில் மீன்வாசத்துடன் நுழையமுடியாது என்பதால் சுற்றிக்கொண்டு போகவேண்டும். தேனாம்பேட்டையில் ஒரு புளியமரத்து நிழலில் கூடையை இறக்கியதும் அந்தோணியம்மாள் எல்லாவற்றையும் கங்கம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"இதான் சங்கதியா?" என்றாள் கங்கம்மா. "மன்சுல ஒண்ணு, வாயில ஒண்ணு. ஊரே அப்பிடித்தான் கீது. அதுக்குப் போயி கொயம்பிக்கினு?"

"அந்தாளு நம்பிக்கினு கீறான் கங்கா. என் மூஞ்சியப் பாத்துப் பாத்து சிரிக்கிறான். நான் இன்னிக்கி சொல்லிடப் போறேன். பொய்யின்னு சொல்லிட்டா, என் தலயில இருந்து ஒண்ணாவது எறங்கும்."

"சொன்னா செத்துப்புடுவான்யக்கா."

"சாவட்டும்" என்றாள் அந்தோணியம்மாள். சொன்ன பிறகு தன் குரலைக் கேட்டுத் தானே பயந்தாள்.

மீன் சீக்கிரம் விற்றுவிட்டது. திரும்பும்போது மூன்று மணி வெயிலில் மணல் காலைச் சுட்டது. வழியெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தை அந்தோணியம்மாள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தொம்மை கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் காலையில் வைத்துவிட்டுப் போன கஞ்சியைக் குடித்திருந்தான். ஆனால் தொட்டுக்கொள்ள வைத்த இரண்டு கிழங்கான் மீன்களை அவன் தின்னவில்லை. பூவரச இலை ஒன்றை மடிமேல் போட்டு, அந்த ஒற்றைக் கையால் முள்ளை எடுத்து எடுத்து, சதையை மட்டும் உதிர்த்துக் குவித்து வைத்திருந்தான். காலையிலிருந்து அதே வேலையாக இருந்திருக்கவேண்டும். முட்களை ஒரு பக்கமாகத் தரையில் வரிசைப்படுத்தியிருந்தான். குவியலில் கொஞ்சம் மணலும் இரண்டொரு எறும்பும் கலந்திருந்தன. அவளைப் பார்த்ததும் பாதி முகம் மலர்ந்தது.

அவள் கூடையை இறக்கவில்லை. இறக்கினால் சொல்லமுடியாமல் போய்விடும் என்று பட்டது.

"இதோ பாரு. அன்னிக்கி சாமியாரு மின்னாடி நான் சொன்னது பொய்யி. நான் உன்ன மன்னிக்கல. இப்பவும் மன்னிக்கல. கேக்குதா?"

தொம்மை தலையை ஆட்டினான். ஆமாம் என்பது போல், தெரியும் என்பது போல், ரொம்பச் சந்தோஷம் என்பது போல் ஆட்டினான்.

"புரியுதா இல்லியா? பொய்யி. லூர்துவ நீதான்..."

அவன் தலை அசைந்துகொண்டே இருந்தது. புரிந்துகொண்டுதான் ஆட்டினானா, அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தானா, இல்லை கழுத்து நரம்பின் தளர்ச்சிதானா என்று அவளுக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. இனி எந்நாளும் வழியில்லை. வாக்கியத்தைச் சொல்லியாகிவிட்டது, தலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. வெறுங்கூடைதான், ஆனாலும் கழுத்து வலித்தது. அவள் கூடையோடு அப்படியே அவன் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

தொம்மை மூன்று விரலால் கொஞ்சம் சதையை அள்ளி நீட்டினான். கை நடுங்கி வழியில் பாதி சிந்தியது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவன் அவளுக்கு எதையும் ஊட்டியதில்லை. வேண்டாம் என்று அவள் முகத்தைத் திருப்பினாள். கை அங்கேயே நின்றது. எவ்வளவு நேரம் நிற்கும்? நாலு வருஷம் அவன் வாய்க்குமுன் நின்ற தன்னுடைய கையை நினைத்துக்கொண்டாள். கடைசியில் வாயைத் திறந்தாள்.

மீன் ஆறிப் போயிருந்தது. பல்லில் மணல் நறநறத்தது. வருகிறதா, இப்போதாவது வருகிறதா என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டே விழுங்கினாள். ஒன்றும் வரவில்லை. அவன் மறுபடி அள்ளினான், அவள் மறுபடி திறந்தாள். இலையில் இருந்தது அத்தனையும் தீர்ந்தது. தீர்ந்தது அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வெறும் இலையைத் துழாவித் துழாவி, ஒன்றுமில்லாத விரல்களைக் குவித்து மறுபடியும் அவள் உதட்டருகே கொண்டுவந்தான்.