கரண்டி முதுகில் ஒரு கோடு

கரண்டியின் முதுகில் விரலால் இழுத்த கோடு மூடாமல் அப்படியே நிற்கிறது, இரண்டு பக்கமும் கறுப்பாகச் சாஸ், நடுவில் மட்டும் எவர்சில்வரின் வெளிச்சம், கோடு நின்றால் பதம் வந்துவிட்டது, வழிந்து மூடிக்கொண்டால் இன்னும் இரண்டு கொதி வேண்டும், இதை இந்திராணிக்குச் சொல்லிக்கொடுத்த அவள் புருஷன் குருநாதன் இப்போது முன்னறைச் சுவரில் சந்தனப் பொட்டோடு மாலைக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார், இன்று அவருக்கு முதல் வருஷத் திவசம், போனவருக்கு உயிரோடிருந்தபோது எதன்மேல் ஆசையோ அதையெல்லாம் இலையில் வைத்துப் படைக்கிற நாள், பக்கத்து வீடுகளில் சுருட்டு வைக்கிறார்கள், பீடி வைக்கிறார்கள், போன மாதம் ஒரு வீட்டில் குவார்ட்டர் பாட்டிலே வைத்தார்கள், இந்த வீட்டு மனுஷருக்கு மட்டும் பிரெட் புட்டிங்கும் சாக்லேட் சாஸும், கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், சிரிக்கட்டும், விரலை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்திக் குழாயைத் திறந்து கழுவிக்கொள்கிறாள், படைக்கப்போவதை முன்னதாக ருசி பார்க்கக் கூடாது.

அடுப்பக் கொற இந்திரா, பால் பொங்குறதுக்கா வச்சிருக்க, என்கிறார் குருநாதன் அடுக்களை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு வருஷத்துக்கு முன்பா, இப்போதா, அவள் திரும்பிப் பார்க்காமலே தீயைக் குறைக்கிறாள், முப்பத்தோரு வருஷம் மலைமேல் ஒரு பள்ளிக்கூட விடுதியில் புட்டிங் கிண்டியவர், ஓய்வு பெற்று இறங்கி வந்தபோது அந்தச் சமையற்கட்டின் ஞாபகமாக இந்த ஒற்றைக் கரண்டியை மட்டும் கேட்டு வாங்கி வந்தார், கூடவே சர்க்கரை வியாதியும் வந்தது, அதை யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, ஊருக்கு வந்த இரண்டாம் மாதமே இடது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள், அன்றிலிருந்து இந்திராணி போலீஸ்காரி ஆகிப்போனாள், சீனி டப்பா பரணில் ஏறியது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அவர் இலைமேல் ஒரு கண், பாயசக்காரன்மேல் ஒரு கண், மனுஷர் பிள்ளைமாதிரி மூக்கால் அழுது கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு துண்டு ரொட்டி, அதன்மேல் சீனி போடாத சாஸ், கோகோவைச் சலித்து, ஆறின பாலில் கட்டி தட்டாமல் குழைத்து, மீதிப் பாலை ஊற்றிக் கிளறி, இறக்கும்போது வெண்ணெய், இரண்டு விரலால் கிள்ளின உப்பு, அவ்வளவுதான், எட்டு வருஷம், ஒரு ஞாயிறு தப்பவில்லை, அவர் கோடு இழுத்து விரலைச் சப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார், எல்லாஞ் சரியா இருக்கும்மா, ஒண்ணே ஒண்ணத் தவிர, என்பார், அவளும் சிரிப்பாள், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

கடைசி ஞாயிறு அவர் சிரிக்கவில்லை, மாடி வீட்டில் போய்க் காகிதத்தில் பொட்டலமாக ஒரு பிடி சீனி வாங்கி வந்து வேட்டி மடிப்பில் வைத்திருந்தார், அவள் புழக்கடைக்குப் போன நேரம் பார்த்துச் சாஸில் கொட்டிக் கிளறிவிட்டார், அவள் திரும்பி வரும்போது கரண்டி முதுகில் கோடு இழுத்தாயிற்று, விரல் வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது, கையும் களவுமாகப் பிடித்தாள், மணிக்கட்டைப் பற்றித் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போய், மண் தின்ற பிள்ளையின் கையைக் கழுவுவதுபோல ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டாள், கிண்ணத்தையும் கவிழ்த்துவிட்டாள், அவர் கையை உதறவில்லை, தண்ணீரோடு ஓடுகிற சாஸையே பார்த்துக்கொண்டு நின்றார், அடுத்த ஞாயித்துக்கெழம ஒரே ஒரு கரண்டி நீயே போட்டுக் குடுத்துரும்மா, நாந் திருட மாட்டேன், என்றார், பாக்கலாம் பாக்கலாம், என்றாள், வியாழக்கிழமை காலையில் பேப்பர் படித்தபடியே சாய்ந்துவிட்டார், ஒரு வருஷமாக ஞாயிறு வந்தால் குழாய் சொட்டுகிற சத்தம்கூட அவளுக்கு அந்தக் கையாகத்தான் கேட்கிறது.

அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு பாடு, நேற்றே புதுச் சீனி அரைக்கிலோ வாங்கி, ஒரு கிண்ணம் நிறைய அளந்து, எறும்பு ஏறாமல் தட்டுப் போட்டு மூடி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், ஒரு கரண்டி கேட்டவருக்கு ஒரு கிண்ணம், சாஸைக் கோப்பையில் ஊற்றி, கரண்டியை இன்னொரு தடவை முழுக்கத் தோய்த்து, முதுகு மேலே தெரியக் கோப்பைமேல் குப்புறக் கிடத்தி, சோறு, கறிக்குழம்பு, வடை, புட்டிங் எல்லாவற்றோடும் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தாள், சூடம் காட்டிக் கும்பிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள், போனவர் வந்து சாப்பிட்டு எழுந்திருக்கிறவரைக்கும் கதவைத் திறக்கக் கூடாது, குருநாதனின் தங்கை சௌந்தரம் கதவோரம் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அண்ணே இப்ப வந்து உக்காந்திருக்கும் மதினி, என்றாள், மொதல்ல அந்தச் சாக்லேட்லதான் கைய வைக்கும், இந்திராணி தலையாட்டினாள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று அடுக்களைக்குள் போனாள், அடுப்புக்குப் பக்கத்தில் தட்டுப் போட்டு மூடின கிண்ணம் வைத்த இடத்திலேயே இருந்தது, தட்டை எடுத்தாள், சீனி கிண்ணம் நிறைய, தலை தட்டினபடி, ஒரு பருக்கை குறையாமல் இருந்தது.

கை செய்த வேலை, எட்டு வருஷம் பழகின கை, சீனி இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி வெண்ணெய்க்குப் போய்விட்டது, ருசி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்கக் கூடாதே, ஐயோ, செத்த பிறகும் அவருக்குக் கசப்பையே வைத்துவிட்டேனே, கிண்ணத்தோடு ஓடி வருகிறாள், சௌந்தரம் எழுந்து குறுக்கே நிற்கிறாள், கதவத் தெறக்காதீக மதினி, சாப்புட்டுக்கிட்டிருக்கும்போது எழுப்பக் கூடாது, சீனி போடல சௌந்தரம், நான் சீனி போடல, என்று அவளைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள், சாம்பிராணிப் புகை முகத்தில் அடித்தது, இலை முன்னால் உட்கார்ந்து கிண்ணத்துச் சீனியை அப்படியே கோப்பையில் கவிழ்த்தாள், கரண்டியைப் பறித்துச் சாஸுக்குள் விட்டாள், விடுகிற அந்த ஒரு கணம்தான் பார்த்தாள், கரண்டியின் முதுகில் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு, நடுவில் எவர்சில்வரின் வெளிச்சம், கை அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.

அடுக்களையில் அவள் இழுத்த கோடு இல்லை அது, அதன்மேல்தான் திரும்பத் தோய்த்தாளே, தோய்த்தாளா, தோய்த்தாள், சாஸ் சொட்டாமல் கையேந்திக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது, அப்படியானால் வந்திருக்கிறார், ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கிறார், கசந்திருக்கிறது, எழுந்துவிட்டார், வந்துபோனதற்கு வைத்துவிட்டுப் போன ஒரே அடையாளத்தையும் அன்றைக்குக் கையைக் கழுவிவிட்ட மாதிரி அவளே அழித்துவிட்டாள், என்ன மதினி, என்ன ஆச்சு, என்று சௌந்தரம் உள்ளே வரப் பயந்து வாசற்படியிலேயே நின்று கேட்கிறாள், இந்திராணி சீனி கரைகிறவரை கிளறிக்கொண்டே இருந்தாள், பிறகு கரண்டியைத் தூக்கி முதுகுப் பக்கத்தைப் படத்துக்கு நேராக நீட்டினாள், இப்ப இனிக்குங்க, நானே போட்டிருக்கேன், ஒரு தடவ தொடுங்க, நான் கையப் புடிக்க மாட்டேன், சாஸ் சொட்டிச் சொட்டி இலையில் விழுகிறது, கை கடுக்கிறது, கரண்டியின் முதுகில் இன்னும் கோடு விழவில்லை.