ஐந்தாவது இன்னிங்ஸில் ஓர் அழைப்பு

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணிக்கு, கல்யாணியின் டேப்லெட் தானாக ஒலித்தது. அவள் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மைக்ரோவேவ் மேல் சார்ஜரில் செருகியபடியே கிடந்த அதைப் பிடுங்கிவைக்கச் சுந்தரமூர்த்திக்கு மனம் வந்திருக்கவில்லை. ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் பெரிய வன்பொருள் கடை ஒன்றின் பெயின்ட் கவுன்டரில் அவருக்கு வேலை. பகலில் வீட்டில் இருப்பது அபூர்வம் என்பதால், அது இப்படி ஒலிக்கும் என்பதே தெரியாது. குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு போய் அணைக்கப் பார்த்து, வேறெதையோ தொட்டுவிட்டார். சமையலறைக்குள் ஓர் ஆண் குரல் வந்தது.

அவசரமே இல்லாத குரல். அமெரிக்க ஆங்கிலம். மைதானத்துக்குப் பின்னால் சரக்கு ரயில் ஒன்று போகிறது என்றது. இன்றைக்குக் கூட்டம் முந்நூறு பேர் இருக்கலாம், அதில் பாதிப் பேர் இலவசத் தொப்பிக்கு வந்தவர்கள் என்றது. நடுநடுவே யாரோ பந்தை எறிந்தார்கள், யாரோ அடிக்காமல் விட்டார்கள். பதினோரு வருடமாக மனைவியின் ஒரு காதில் மட்டும் தொங்கிய ஒயருக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான் என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறார். "பேஸ்பால்ங்க, சும்மா ஓடிட்டிருக்கும்" என்றாள். ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் தவிர மற்றதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறவர் அவர். அதற்கு மேல் கேட்கவில்லை.

அணைக்கத்தான் விரலை நீட்டினார். அப்போது அந்தக் குரல், ஆக்லாந்துக் கல்யாணியிடமிருந்து இந்த வருடம் ஒரு வரிகூட வரவில்லையே என்றது. வில்மரைப் பற்றிப் போன வருடம் அவர் எழுதியது அப்படியே பலித்துக்கொண்டிருக்கிறது, கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு மெயில் போடுங்கள் கல்யாணி என்றது. பெயரை மூன்றாக உடைத்து, கவனமாக, பலமுறை சொல்லிப் பழகியவன் போலச் சொன்னது. பிறகு அடுத்த பந்து.

சுந்தரமூர்த்தியின் கையில் நுரை காய்ந்துபோயிருந்தது.

வசந்தமலருக்கு போன் செய்தார். கல்யாணியோடு ஒன்பது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள். யாழ்ப்பாணத்துக்காரி, மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு. மறுநாள் மத்தியானமே புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். குழம்புச் சட்டிக்கு அடியில் நீல அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று இருந்தது.

"அக்கான்ர லேப் மேசை லாச்சிக்குள்ள கிடந்தது அண்ணை. எப்ப தாறதெண்டு எனக்குத் தெரியேல்ல. நீங்களாக் கேட்டது நல்லதாப் போச்சு."

"யாருங்க இந்த வில்மர்? பௌலரா?"

"பௌலர் இல்லை அண்ணை, பிட்சர். அக்காவுக்குக் கேட்டிருந்தா உங்களை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டோமே என்று உடனே நிறுத்தினார். வசந்தமலர் கவனிக்காதவள்போல் புட்டைப் பரிமாறியபடி விளக்கினாள். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது குட்டி இன்னிங்ஸ். அமெரிக்காவில் ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே நான்கு படிகள் உண்டு. படிக்கு ஒரு சின்ன அணி, ஒரு சின்ன ஊர். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களைக் கடைசிப் படியில் கொண்டுவந்து விடுவார்கள். பாதிப் பேர் ஸ்பானிய மொழி பேசுகிற ஏழை நாட்டுப் பிள்ளைகள். நன்றாக ஆடினால் ஒரு படி மேலே. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உச்சிக்குப் போய்ச் சேருகிறவர்கள் நூற்றுக்கு நாலைந்து பேர். கல்யாணி கேட்டது அந்தக் கடைசிப் படி அணியை. அதற்கு வர்ணனை செய்ய ஒரே ஒரு ஆள், டக்.

"மைக்ரோஸ்கோப்பில கண்ணை வச்சுக்கொண்டு செல் எண்ணேக்க பாட்டுக் கேட்டா எண்ணிக்கை பிழைக்கும். இந்த மனுசன்ர கதை பிழைக்க விடாது. அப்பிடித்தான் துவங்கினது. பிறகு விட முடியேல்ல. பெரிய டீமைக் கேக்கச் சொன்னால் மாட்டா. 'மேல போனவனுக்கு ஊரே இருக்கு மலர், இவனுங்களுக்கு நானும் டக்கும்தான்' எண்டு சொல்லுவா."

"எங்கிட்ட சொன்னதே இல்ல."

"நீங்கள் கேட்டனீங்களோ?" என்றாள் வசந்தமலர், குத்தலாக இல்லாமல், இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிக்கொண்டே.

அவள் போனபின் நோட்டைத் திறந்தார். கல்யாணியின் சாய்ந்த கையெழுத்து. ஒவ்வொரு பையனுக்கும் அரைப்பக்கம். இலக்கங்கள் ஒரு ஓரமாக இருந்தன, அவருக்குப் புரியவில்லை. மற்றது புரிந்தது. "உயரம் ஆறடி ரெண்டு. சாப்பாடு ஒத்துக்கலைன்னு டக் சொல்றான். வீட்டு ஞாபகம்தான். மூணு மாசம் விட்டுப் பார்க்கணும்." "இவன் தப்புப் பண்ணினா சிரிக்கிறான். பயம். திட்டக்கூடாது." வில்மருக்கு இரண்டு பக்கம் கொடுத்திருந்தாள். "இடது கை. முதல் இன்னிங்ஸ்ல எல்லாம் வெளிய போகுது. மூணாவதுல நிதானத்துக்கு வந்துடுறான். அதுக்குள்ள மாத்திடுறாங்க. பொறுத்தா மேல போவான். டக்குக்கு எழுதணும்."

இருநூற்றுச் சொச்சம் பையன்கள். மகள் அபர்ணாவைப் பற்றிக்கூட அவள் இப்படி எழுதிவைத்து அவர் பார்த்ததில்லை. தன்னைப் பற்றி எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்தார். ஆறு வயதுப் பெண்ணோடு இந்த ஊருக்கு வந்து இறங்கிய புதிதில், சிவில் இன்ஜினியர் என்ற பட்டத்தை மடித்து வைத்துவிட்டுப் பெயின்ட் டப்பாக்களைக் குலுக்கும் இயந்திரத்தின் முன் நின்ற முதல் மூன்று மாதத்துக்கு அரைப்பக்கமாவது தேறும்.

அன்று சாயங்காலமே டக்குக்கு மெயில் எழுதினார். நான் கல்யாணியின் கணவன். கல்யாணிக்கு உடம்பு சரியில்லை. ஆகவே எழுத முடியாத நிலை. இவ்வளவுதான். அனுப்பியபோது அவருக்கு அதில் பொய் இருப்பதாகத் தோன்றவே இல்லை. அவர் அப்பா போனபோது மெட்ராஸ் மேன்ஷனுக்கு வந்த செய்தி, "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், புறப்பட்டு வா." படித்த நிமிஷமே அவருக்குத் தெரியும், அறையிலிருந்த மற்ற மூன்று பேருக்கும் தெரியும். தூரத்தில் இருக்கிறவனுக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். மிச்சத்தை அவன் வழியில் தானாகத் தெரிந்துகொள்வான். டக்கும் புரிந்துகொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனார்.

புதன்கிழமை கடையில், அவளுடைய ஒயரை ஒரு காதில் மாட்டிக்கொண்டு வெள்ளைப் பெயின்ட்டில் சாயம் கலந்துகொண்டிருந்தார். டக்கின் குரல் உற்சாகமாக இருந்தது. நண்பர்களே, நம் கல்யாணிக்கு உடம்பு சரியில்லையாம், சீக்கிரம் எழுந்து வாருங்கள் கல்யாணி, உங்களுக்காக எங்கள் பையன்கள் எல்லாரும் சேர்ந்து ஒன்று செய்திருக்கிறார்கள், மெயிலைப் பாருங்கள். சுந்தரமூர்த்தியின் விரல் மஞ்சள் சாயத்தின் பொத்தானை இன்னொரு முறை அழுத்திவிட்டது. காத்திருந்த சமோவப் பெண்மணி டப்பாவை எட்டிப் பார்த்து, இந்த மஞ்சளும் நன்றாகத்தான் இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போனாள்.

மெயிலில் ஒரு படம். இருபத்தைந்து பையன்கள் வரிசையாக நின்றார்கள், கையில் கோணலாக வெட்டிய அட்டை. சீக்கிரம் குணமாகுங்கள் என்று ஆங்கிலத்திலும், அதன்கீழ் ஸ்பானிய மொழியிலும். பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. ஓரத்தில் நின்றவன் இடது கையைத் தூக்கிக் காட்டியிருந்தான். மீசை இன்னும் முழுதாக வராத முகம். இவனா வில்மர்.

கூடவே டக்கின் கோரிக்கை. வில்மரை அடுத்த படிக்கு உயர்த்தியாகிவிட்டது. எங்கள் வெள்ளிக்கிழமை, உங்கள் சனிக்கிழமை, அவனுக்கு இங்கே கடைசி ஆட்டம். அன்று அவன் பந்து எறியப்போவதில்லை, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பான். ஐந்தாவது இன்னிங்ஸில் கல்யாணியைக் கூப்பிடுகிறோம். இரண்டே நிமிடம். அவன் இரண்டு நாளாக ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிறான். நம்பர் தர முடியுமா?

வெலிங்டனிலிருந்து அபர்ணா பேசினாள். "ப்பா, எக்ஸாக்ட்லி என்ன எழுதினீங்க?"

"உடம்பு சரியில்லன்னு."

"ப்பா."

"அப்படித்தாம்மா சொல்லுவோம். எடுத்த எடுப்புல யாரும் போட்டு உடைக்க மாட்டாங்க."

"அது நமக்குத் தெரியும். ஹௌ வுட் ஹி நோ? பாவம், அந்தப் பசங்க கார்ட் பண்ணியிருக்காங்க. யூ ஹாவ் டு டெல் தெம், ப்பா." வைப்பதற்கு முன் சொன்னாள். "எனக்கு அந்த போட்டோவை அனுப்புங்க."

வசந்தமலர் வேறு மாதிரிச் சொன்னாள். "பயணம் வெளிக்கிடுற பிள்ளைக்கு இழவுச் செய்தி சொல்லலாமோ அண்ணை? அக்கா நித்திரை, எழும்பேலாது, வாழ்த்துச் சொல்லச் சொன்னவ எண்டு விடுங்கோ. அவன் நல்லபடியாப் போய்ச் சேரட்டும்."

"பொய்யாச்சே."

"ஓம், பொய்தான். முதலே ஒண்டு சொல்லியாச்சு. அதோட இதையும் சேத்து வைக்கிறது."

இரண்டு நாள் அவர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார். வில்மருக்காக மட்டும்தான் தயங்குகிறோமா என்று கேட்டுக்கொண்டபோது இல்லையென்றுதான் பதில் வந்தது. இந்த வீட்டில், லேபில், கோயிலில், வங்கியில்கூட அவள் இல்லாமல் ஆகியாயிற்று. உலகத்தில் ஒரே ஒரு மைதானத்தில் மட்டும் கல்யாணிக்கு உடம்பு சரியில்லை, தேறிவிடுவாள். அதையும் தன் வாயால் மூட வேண்டுமா?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து நோட்டை மறுபடி புரட்டினார். மூன்று வருடத்துக்கு முந்திய பக்கம் ஒன்றில், ஒரு பையனின் பெயருக்குக் கீழே இலக்கம் எதுவும் இல்லை. "ரெண்டு வாரமா இவன் பேரே வரலை. அடிபட்டிருக்கோன்னு நினைச்சேன். தினமும் தேடினேன். அனுப்பிட்டாங்களாம். டக் ரேடியோல சொல்லவே இல்லை. கஷ்டமா இருந்துச்சாம், அதான் சொல்லலையாம். சொல்லியிருக்கலாம். நான் தேடிட்டே இருந்தேனே." கடைசி வரிக்குக் கீழே பேனா இரண்டு முறை அழுத்தி ஓடியிருந்தது.

டக்குக்கு நம்பரை அனுப்பினார். கூப்பிடுவதற்கு முன்னால் என்னிடம் தனியாகப் பேசவும் என்று கூடவே எழுதினார். இது குரலில் சொல்ல வேண்டிய விஷயம். முதலில் டக்கிடம் சொல்வது, பையனிடம் எப்படிச் சொல்வதென்று டக் பார்த்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பத்து மணியிலிருந்தே சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டேப்லெட். சொல்ல வேண்டிய வாக்கியங்களை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். பதினொன்று ஆயிற்று, ஆட்டம் தொடங்கிற்று. டக் கூப்பிடவில்லை. மெயிலை முழுதாகப் படித்தானோ, நம்பரை மட்டும் குறித்துக்கொண்டானோ. டேப்லெட்டில் வில்மரின் குரல் நடுநடுவே கேட்டது. டக் ஏதாவது கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தான். பயம், என்று நினைத்துக்கொண்டார் சுந்தரமூர்த்தி. திட்டக்கூடாது.

டேப்லெட்டில் நான்காவது இன்னிங்ஸ் இன்னும் முடியவில்லை. போன் அடித்தது. அப்பாடா, முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டான் என்று எடுத்தார்.

"ஹலோ."

கூட்டத்தின் இரைச்சல். பிறகு டக்கின் குரல், நேராகக் காதுக்குள், ஆக்லாந்து இணைப்பில் வந்துவிட்டது, வில்மர், பேசு என்றது. சுந்தரமூர்த்தி டேப்லெட்டைப் பார்த்தார். அதன் வர்ணனையில் நான்காவது இன்னிங்ஸின் கடைசி ஆட்டக்காரன் இன்னும் மட்டையோடு நின்றுகொண்டிருந்தான். இணையத்தில் வரும் வானொலி ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்தித்தான் வருகிறது என்பது அவருக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது.

"ஹலோ மிஸஸ் கல்யாணி," என்றான் பையன். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்தான். "திஸ் இஸ் வில்மர். யூ ஆர் பெட்டர் நௌ?"

தாளில் எழுதியிருந்தது டக்குக்கு. இவனுக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் தாளைத் திருப்பி வைத்தார். மெதுவாகச் சொன்னார். நான் அவளுடைய கணவன். கல்யாணி இறந்துவிட்டாள், தம்பி. பிப்ரவரியில். நான் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது. "தம்பி" மட்டும் தமிழில் வந்துவிட்டது. அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள் என்றார். மூன்றாவது இன்னிங்ஸ் வரை பொறுத்தால் நீ மேலே போவாய் என்று எழுதியிருக்கிறாள்.

போனை யாரும் வைக்கவில்லை. யாரோ மைக்குக்கு மிக அருகில் மூச்சு விடுவது கேட்டது, டக்கா பையனா தெரியவில்லை. அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்தது.

ஒரு நிமிடம் பிந்தி ஓடிய டேப்லெட்டில் அப்போதுதான் நான்காவது இன்னிங்ஸ் முடிந்திருந்தது. சரி நண்பர்களே, இப்போது ஆக்லாந்தைக் கூப்பிடப்போகிறோம் என்று சிரித்தான் டக். எண்களை அழுத்தும் ஓசை கேட்டது. மணி போயிற்று. அவர் அணைப்பதற்குக் கையை நீட்டி, அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மணி. கல்யாணி அடுப்பில் எதையாவது வைத்திருப்பார், இறக்கிவிட்டு வரட்டும் என்றான் டக். பையன் தன் வாக்கியத்தை வாய்க்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்ப்பது லேசாகக் கேட்டது. மூன்றாவது மணி அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் யாரும் எடுக்கவில்லை.