பூவடிச் செதில்

வக்கீல் ராஜமுருகன் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நகல்தான், ஆனாலும் படம் தெளிவாக விழுந்திருந்தது. பெண் பூக்கள் கொத்தாக நிற்கும் மஞ்சரி. அதிலிருந்து ஒரு பூ மட்டும் பெரிதாக. பூவடிச் செதில், அதற்குள் சூலகம், வெளியே நீண்ட இரண்டு சூலகமுடிகள், செதிலின் மேல் சுரப்பித் தூவிகள். அம்புக்குறிகள் எல்லாம் ஒரே கோணத்தில் இருந்தன. மாணவர்களையும் ரோகிணி அப்படித்தான் வரையச் சொல்வாள்.

“ஏம்மா, இது உன் கையெழுத்தா?”

“ஆமாங்க சார்.”

“எந்த ஊர்ல புடிச்சதுன்னு கேக்கலையா?”

“கேக்கல. செதிலைப் புல்லிவட்டம்னு தப்பா எழுதிக் கொண்டாந்தாங்க. அதைத் திருத்திக் குடுத்தேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் எஸ்.ஐ. ஒருவர் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரே ஒரு கொப்பு. பாகங்களுக்குச் சரியான பெயர் வேண்டும் என்றார். புத்தகத்தில் மட்டுமே பார்த்த பூ. ஜன்னலில் மேகம் அடைத்திருந்தது. விளக்கைப் போட்டு, ஊசியால் செதிலை விலக்கி, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிசினில் பூண்டுத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. பூண்டு விளையும் மேல்மலையில் எதில்தான் பூண்டுத் தோல் ஒட்டாது? ஊதிவிட்டு வரைந்தாள். சாயங்காலம் மேசை டிராயரைத் திறந்து போனை எடுத்தபோது அம்மாவிடமிருந்து எட்டு அழைப்புகள். தம்பி மனோஜ்குமாரைக் காலையிலேயே பூண்டுக் காட்டில் வைத்துப் பிடித்திருந்தார்கள்.

“பூவும் காயும் உள்ள நுனிதாம்மா சட்டத்துல கஞ்சா. வேர், மண்ணு, தண்டு எல்லாம் சேத்து இருபத்திரண்டு கிலோன்னு போட்டிருக்காங்க. இருபதுக்குக் கொறஞ்சாத்தான் ஜாமீனுக்கு வழி. நுனியை மட்டும் நிறுத்தா பத்துகூடத் தேறாது. ஆனா கீழ என்ன எழுதியிருக்க, படி” என்றார் வக்கீல்.

“மாதிரி முழுவதும் பூக்கும் நுனியே.” படித்துவிட்டுச் சொன்னாள், “அந்தக் கொப்புக்கு அது சரிதான் சார்.”

“சரியாத்தான் எழுதியிருக்க. அதான் சோலி. இதை வெச்சு மொத்தமும் பூன்னுட்டாங்க. ஒரு கொப்பைத்தான் பாத்தேன்னு நீயே கோர்ட்டுல சொல்லணும். எழுதினது நாந்தான், அவன் அக்காதான்னும் சொல்லணும்.”

அவர் நீட்டிய மனுவில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணவில்லை. கோணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பேருந்தில் தோன்றியது. கண்ணாடிக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்கள் மேகத்துக்குள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் தாவரவியல் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தப்பில்லை.

வீட்டில் அம்மா காளியாயி விதைப்பூண்டை உதிர்த்துக்கொண்டிருந்தாள். அறுவடை அப்படியே கெடக்கு, விதைப்பாவது நடக்கட்டும் என்றாள்.

“வக்கீல் என்னடி சொன்னாரு?”

“திங்கக்கிழமை விசாரணையாம்.”

“வெள்ளனே கெளம்பிருவோம். அந்தக் காயிதம் எழுதினவளையும் கூப்பிடுவாங்கல்ல? யாரோ காலேஜு டீச்சராம்ல. எம்புள்ளைய உள்ள வெக்க எழுதின கை வெளங்குமா? மூஞ்சிய ஒருக்காப் பாக்கணும்.”

ரோகிணி எதிரே உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்தாள். கட்டைவிரலால் அழுத்தியதும் பற்கள் பிரிந்தன. தோல் ஒன்று விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. ஊதினாள். அது எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, அம்மாவின் முடியில் போய் உட்கார்ந்தது.