எங்கள் தெரு கொடுத்த ஐந்து நட்சத்திரம்

எங்கள் தெருக்காரர்களுக்கு ஒருவர்மேல் பிரியம் வந்துவிட்டால் வாயில் உண்மை வராது. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

கொல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் எங்கள் தெரு விளக்குக் கம்பத்தடியில் சாயங்காலமானால் கேரம் போர்டு வந்துவிடும். நான், எதிர்வீட்டுப் பெரியவர் தபன் தா (தா என்றால் அண்ணா), இன்னும் சிலர். போன மாதம் அந்தக் கம்பங்களில் புது விளக்கு மாட்டினார்கள். ஆள் நடமாடினால் பளிச்சென்று எரியும், இல்லாவிட்டால் தானே மங்கிக்கொள்ளும். அதை வடிவமைத்தவள் நியூ டவுனில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவி மாதங்கி. சோதனைக்கு எங்கள் தெருவைக் கேட்டு வாங்கியதும் அவள்தான். குடியிருப்பவர்கள் மொபைல் ஆப்பில் நட்சத்திரம் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் மற்றத் தெருக்களுக்கும் விளக்கு போகும். அவளுக்கு அது பல வருஷ உழைப்பு. சோறு தட்டில் ஆறிக்கொண்டிருக்கும், அவள் விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

முதல் நாளே வினை. கேரம் ஆடுகிறவன் நடப்பானா? எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் காயைப் பார்த்திருந்தபோது விளக்கு மங்கிவிட்டது. தபன் தா எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்து வீசினார். வெளிச்சம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து ஆட்டத்தில் தோற்றவர் துண்டு வீச வேண்டும் என்று ஏற்பாடு.

மாதங்கியிடம் சொல்லிவிடுகிறேன் என்று நான் எழுந்தேன். தபன் தா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவர் அவளைக் கூப்பிடுவதே பௌமா என்றுதான், அதாவது மருமகள். நம் தெரு மருமகள் ராப்பகலாகக் கஷ்டப்பட்டுச் செய்ததில் நாமே குற்றம் சொல்வதா என்று எனக்குப் பாடம் எடுத்தார். அந்த வாரத்துக்குள் தெரு முழுக்க ஐந்து நட்சத்திரம் போட்டாகிவிட்டது.

மாதங்கிக்குக் கால் தரையில் பாவவில்லை. லேப்டாப்பைத் திருப்பி, விளக்கு எரிந்த கணக்கைக் காட்டினாள்.

"பாருங்கோ, நம்ம தெருவுல சாயங்காலம் எத்தனை பேர் வாக்கிங் போறா!"

அத்தனையும் துண்டு வீச்சு. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தேன். என் கோபமெல்லாம் தெருவோடு சரி, வீட்டில் செல்லாது.

சனிக்கிழமை அவள் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு சீக்கிரமே வந்துவிட்டாள். மறுநாள் தெருக்கூட்டத்துக்கு மாநகராட்சி அதிகாரி வந்து ஒப்புதல் தருவதாக இருந்தது. தெருவில் நுழைந்தவள் கண்டது இதைத்தான்: நாங்கள் போர்டின் மேல் குனிந்திருக்கிறோம், தள்ளாத வயதில் தபன் தா விளக்கைப் பார்த்துத் துண்டைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார்.

"எப்போலேர்ந்து?" என்று என்னைக் கேட்டாள்.

"மாட்டின அன்னிலேர்ந்து."

தோள்வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சி இது என்று தபன் தா வங்காளியில் கூசாமல் புளுகினார். மாதங்கி துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். சிரித்தாள், கண்ணிலிருந்து நீர் தாரையாகக் கொட்டியது.

மறுநாள் கூட்டத்தில் அதிகாரி நட்சத்திரங்களைப் புகழ்ந்து முடிப்பதற்குள் அவள் எழுந்தாள். விளக்கு இன்னும் தயாராகவில்லை, அவகாசம் வேண்டும் என்றாள். அவர் முகம் சுண்டிவிட்டது. தாமதமானால் வேலை வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று நேராகவே சொன்னார். தெரியும் என்றாள். இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ!

பிறகு தெருக்காரர்கள் பக்கம் திரும்பி வங்காளியில் கேட்டாள்.

"என்னை மருமகள்னு கூப்பிடறீங்க. மருமகள்கிட்ட குறையே சொல்லாத புக்ககம் எங்கயாவது உண்டா? சொல்லுங்க."

தபன் தா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம்தான் மங்குகிறது என்றார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. படுக்கையறைக்குள் கண்ணைக் குத்துகிறது என்றார் ஒருவர். தெருநாய் புரண்டு படுத்தால்கூடத் தெருவே பற்றி எரிகிறது என்றாள் மாடிவீட்டுக்காரி. அதிகாரியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்து, கடைசியில் அவகாசமும் கொடுத்துவிட்டார். மாதங்கி குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

விளக்கின் குறைகளைச் சொல்லித் தீர்த்த பிறகும் தபன் தா உட்காரவில்லை. பருப்பிலும் சர்க்கரை போடுகிற வங்காளி அவர்; பொங்கலுக்கு அவள் கொடுத்தனுப்பிய சாம்பாரில் சர்க்கரை போதவில்லை என்றார்.

மாதங்கி தலையை நிமிர்த்தினாள்.

"அதை மட்டும் மாத்த மாட்டேன்," என்றாள்.