பிணம் மூச்சு விடும் நேரம்

...இடது மூக்குத் துவாரத்தில் ஒரு வைக்கோல் துரும்பு, நல்லவேளை வலதில் இல்லை, வலது பக்கம்தான் கேமரா, கண்ணை மூடிக் கிடந்தபடியே வெண்டல் அந்தத் துரும்புக்கு நன்றி சொன்னார், எழுபத்தொரு வயதில் ஐந்தாவது முறை சாகிறவருக்கு அந்த அளவு பணிவு தானாக வந்துவிடும். முதல் தடவை ஆற்றில் மிதந்தார், அப்புறம் விஷம், அப்புறம் அம்பு, போன மாதம் மணிக்கோபுரத்திலிருந்து விழுந்தார், எல்லாம் எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில், அதாவது ஒரு டிவி தொடருக்காக புடாபெஸ்டுக்கு வெளியே உருளைக்கிழங்கு வயலில் பலகையடித்துக் கட்டிய இங்கிலாந்தில். ஒவ்வொரு சாவுக்கும் முந்தைய ஞாயிறு ஊர்ப் பாதிரியார் பாவமன்னிப்புக்கு வரச் சொல்லிவிடுகிறார், வழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். யோலான் என்ன சொன்னாள்... “நாப்பது வருஷமா நம்ம வீட்டு சோபாவுல ஆடாம அசையாம கெடந்தீங்க, நான் திட்டிட்டே இருந்தேன், இங்கிலாந்துக்காரன்தான் அதோட மதிப்பைக் கண்டுபிடிச்சிருக்கான்.” கட்டிய மனைவி சொன்னால் தப்பாக இருக்குமா, செருப்பு ஆலையை மூடிய பிறகு இரண்டு வருஷம் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, இப்போது காலை ஏழு மணிக்கே உதவி இயக்குநர் பிரோஷ்கா வாசலில் வந்து நிற்கிறாள், வெண்டல் மாமா, வாங்க, சாகுறதுக்கு நேரமாச்சு, என்று... இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன அழைப்பு வேண்டும்?

ஆனால் அந்தப் பொம்மை. லண்டனிலிருந்து பெட்டியில் வந்து படப்பிடிப்பு வண்டிக்குப் பின்னால் படுத்திருக்கிறது, ரப்பர் பிணம், அவரைவிட நல்ல மூக்கு. இதுவரை குப்புறக் கிடந்து செத்தார், இன்றைக்குத்தான் முதல்முறையாக முகம் தெரிகிற சாவு, இன்றைக்கென்று பார்த்து நெஞ்சு ஏறி இறங்குகிறது. “மாமா, இன்னொரு தடவை அசைஞ்சீங்கன்னா பொம்மையை எடுத்துருவாங்க, இதுக்கு மட்டுமில்ல, இனிமே எல்லா சாவுக்கும்,” என்றாள் பிரோஷ்கா. “எடுக்கட்டும், அது மத்தியானம் ரெண்டாவது தட்டு சூப்பு கேக்காதுல்ல,” என்றார், ஆனாலும் கண் ஒருமுறை வண்டிப் பக்கம் போய் வந்தது. அவருக்கு இருக்கிற ஒரே துணை ஹாலமின் அங்கி. துப்பறியும் துறவியாக நடிக்கிற கிழவர், இங்கிலாந்துக்காரர், அவருடைய ஹங்கேரிய மொழியும் இவருடைய ஆங்கிலமும் சேர்ந்து ஒரு வரி தேறாது, ஆனால் ஆற்றில் மிதந்த அந்த முதல் நாளிலிருந்தே மூன்று வரிக்கு ஒருமுறை பிணத்தின் சட்டையைச் சரிசெய்வதுபோல அந்த அகலமான அங்கிக் கையை வீசி மூச்சு தெரிகிற இடத்தை மறைப்பார், அந்த மறைவில் வெண்டல் ஒரு மூச்சு விட்டுக்கொள்வார். இறந்தவர் மேல் துறவிக்கு உள்ள இரக்கம் அந்தக் கையில் தெரிகிறது என்று இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதினார்களாம், பிரோஷ்கா படித்துச் சொன்னாள்... இரக்கம்தான், ஆனால் அது இறந்தவர் மேல் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது.

ஒன்பதாவது முறை எடுக்கிறார்கள். எட்டு முறையும் கெடுத்தது பிணம் மட்டுமில்லை, பாதி ஹாலம்தான், கொலைகாரன் பெயர் வரவேண்டிய இடத்தில் வாய் நின்றுவிடுகிறது, ஏழாவது தடவை போன மாதத்துக் கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிட்டார், அவன் தூக்கில் தொங்கி முடித்துச் சம்பளமும் வாங்கிப் போயே மூன்று வாரம் ஆகிறது. சின்ன வயது இயக்குநர் ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொன்னார், பிரோஷ்கா ஒலிப்பதிவுக்காரன் பாலின்டின் காதில் அதைச் சொன்னது பிணத்துக்கும் கேட்டது: இந்தத் தடவையும் பேர் வரலேன்னா அந்த வரிகளை இளைய துறவியா நடிக்கிற பையனுக்குக் குடுத்துடப் போறாராம். இயக்குநரின் அந்தத் தொனி வெண்டலுக்குத் தெரியும், நீங்க ஓய்வெடுங்க என்று ஆலையில் சொன்ன அதே தொனி... துறவி மண்டியிட்டார், பேசினார், நன்றாகத்தான் பேசினார், அங்கி வந்தது, முகத்தின் மேல் இருட்டு, கம்பளி நாற்றம், இதோ மூச்சு... ஆனால் மேலே குரல் நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். அங்கிக் கை முகத்தின் மேலேயே தொங்குகிறது. சரியாக வந்த தடவைகளில் கேட்ட வசனம், இவனைக் கொன்றது சாயக்காரன் ஹ்யூ, ஆங்கிலத்தில் அப்படியே ராகம் மாறாமல் வெண்டலின் காதில் கிடக்கிறது, இருப்பது ஒரே மூச்சு, அதை உள்ளே இழுப்பதா வெளியே விடுவதா, பேசினால் பாலின்டின் இயந்திரத்துக்குக் கேட்கும், கேட்டால் பொம்மை, பேசாவிட்டால்... பிணம் உதடு அசையாமல் தன்னைக் கொன்றவன் பெயரைச் சொல்லிவிட்டது.

கை விலகியது, வெளிச்சம் விழுந்தது, மேலே துறவி முழங்குகிறார், சாயக்காரன் ஹ்யூ, பிறகு பாவம், நீதி, கடவுள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார், எழுதியவனுக்குக் கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருந்தால் இத்தனை வரி எழுதுவானா, வெண்டலின் உள்ளே காற்று ஒரு சொட்டு இல்லை, யோலானின் முட்டைக்கோஸ் பானை, ஆலையின் சங்கு, அவளைக் கல்யாணம் செய்த நாளில் போட்டிருந்த கடிக்கிற செருப்பு, எல்லாம் வரிசையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின, நிஜமாகவே சாகிறவனுக்கும் இப்படித்தான் வருமாம், பரவாயில்லை, வந்தவை எல்லாமே நல்லவையாகத்தான் இருக்கின்றன... கட், ஓகே.

பாலின்ட் காதிலிருந்து கருவியைக் கழற்றி அவரையே பார்த்தான். “என்ன பார்க்குற?” என்றார் வெண்டல். “ஒண்ணுமில்ல மாமா. செத்தவங்க பேசுனா என் மிஷின்ல பதியாது,” என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனான். தேநீர் மேசையில் ஹாலம் தனியாக நின்றார், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெண்டல் அருகே போனார், நன்றி சொல்லத்தான் போனார், நன்றிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ, பிரோஷ்காவைக் கூப்பிட்டால் இது மூன்று பேர் விஷயமாகிவிடும், அவரிடம் இருந்த ஆங்கிலம் ஒரே ஒரு வரி, அதையே தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாகச் சொன்னார், இவனைக் கொன்றது சாயக்காரன் ஹ்யூ. ஹாலம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்து, தனக்குத் தெரிந்த ஒரே ஹங்கேரிய வாக்கியத்தைச் சொன்னார்: “ரொட்டி தீந்துபோச்சா?” இல்லை, இருக்கிறது என்று தலையாட்டிய பிறகுதான் வெண்டலுக்கு உறைத்தது, அப்படியானால் அங்கிக்குள் சொன்னது இவர் காதில் விழுந்ததா, இல்லை பெயர் தானாகவே நினைவுக்கு வந்ததா... அதைக் கேட்க இரண்டு பேரிடமும் வார்த்தை இல்லை.